பிரியாவிடைக் காசும் வாப்பாவின் சீ.வி.யும்

நீண்ட பதிவு. நேரம் இருக்கிறவர்கள் முழுதாக வாசித்துவிட்டுத் திட்டுங்கள். பாதி வாசித்துவிட்டு ஸ்க்ரீன்ஷொட் எடுத்துக் குடும்பக் குழுவில் போடுகிறவர்களுக்கு நான் ஒன்றும் செய்ய முடியாது.

இரண்டு வாரமாக ஊர்க் குழுக்களில் ஒரே சண்டை. ஏ.எல். பிள்ளைகளின் பிரியாவிடை கூடுமா, கூடாதா? ஒரு பக்கம், கொழும்பு ஹோட்டல்களில் ‘புரொம்’ என்று நடக்கிற கூத்து நம்மட ஊருக்கும் வந்துவிட்டது, பெண் பிள்ளைகள் டிக்டொக்கில் ஆடுகிறார்கள், உடனே நிறுத்து என்கிறது. மறுபக்கம், பிள்ளைகள் வாழ்க்கையில் ஒரு தரம் சந்தோசமாக இருந்துவிட்டுப் போகட்டும், உங்களுக்கு என்ன என்கிறது. இரண்டு பக்கத்திலும் எனக்குத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள், சொந்தக்காரர்களும் இருக்கிறார்கள். இரண்டு பக்கமும் எழுதியதை எல்லாம் வாசித்தேன். ஒருவராவது கேட்காத கேள்வி ஒன்று இருக்கிறது. இந்தக் காசு எந்த வீட்டில் இருந்து வருகிறது? அந்த வீட்டில் இந்த மாதம் யாருக்கு வேலை இருக்கிறது?

முதலில் கணக்கைப் பாருங்கள். நான் கணித ஆசிரியை, கணக்கில்லாமல் பேச எனக்கு வராது.

இந்த வருசம் ஒரு பெண் பிள்ளைக்குப் பிரியாவிடைக்கு ஆகிற செலவு இது. பேச் ரீசேர்ட் 2,000. மண்டபமும் சாப்பாடும் 5,000. போட்டோ, வீடியோ 1,500. கேக்குக்கும் ஆசிரியர்களின் அன்பளிப்புக்கும் 1,000. இந்த 9,500 ரூபாதான் குழு நேரடியாக அறவிடுகிறது, ஆகவே “பத்தாயிரம்கூட இல்லையே” என்கிறார்கள். மிச்சம் வீட்டில் நடக்கிறது. எல்லோரும் ஒரே நிறத்தில் கல் வேலை செய்த அபாயா, துணியும் தையற்கூலியுமாக 8,500. சப்பாத்தும் கைப்பையும் 3,000. மேக்கப்காரிக்கு 4,000, அதுவும் கூட்டமாகப் போனால் கிடைக்கிற கழிவு விலை. கூட்டினால் சரியாக 25,000 ரூபா.

தனியார் துறையில் ஆகக் குறைந்த மாதச் சம்பளம் 2025 ஏப்ரலில் 27,000 ஆனது. 2026 ஜனவரியில் இருந்து 30,000. அதில் சேமலாப நிதிக்கு நூற்றுக்கு 8 கழிந்தால் கையில் வருவது 27,600. ஆக, ஒரு வாப்பாவோ உம்மாவோ ஒரு மாதம் முழுக்கக் கடையில் நின்று உழைத்து, மகளை ஒரு பின்நேரத்துக்கு அனுப்பினால், அரிசி வாங்க 2,600 ரூபா மிச்சம். இது வேலை இருக்கிற வீட்டின் கணக்கு. வேலை தேடுகிற வீட்டின் கணக்கை நான் எழுத வேண்டுமா?

எழுதத்தான் போகிறேன், ஏனென்றால் அதை எழுத ஆளில்லை.

என் கணவர் 11 வருசம் கட்டாரில் ஒரு கட்டுமானக் கம்பனியில் ஸ்டோர் கீப்பராக இருந்தார். உலகக் கிண்ணம் முடிந்த பிறகு அங்கே வேலைகள் குறைந்துகொண்டே வந்தன, ஆட்களும் குறைக்கப்பட்டார்கள். போன வருசம் அவருடைய முறை. ஊருக்கு வந்து எட்டு மாதமாக வேலை தேடுகிறார். அவரிடம் கேட்டுத்தான் இதை எழுதுகிறேன். “எழுது, களவெடுத்ததை எழுதல்லயே” என்றார். உம்மாவும் வாப்பாவும் மௌத்தான பிறகு என் கடைசித் தங்கச்சி எங்களோடுதான் இருக்கிறாள். அவள் இந்த வருசம் ஏ.எல். பிரியாவிடைக் குழுவில் அவளுடைய பெயரும் இருக்கிறது. ஆகவே வேலை தேடுவது, பிரியாவிடைக்கு ஆயத்தமாவது இரண்டும் ஒரே வீட்டில், ஒரே மேசையில், ஒரே காசில் எப்படி நடக்கிறது என்று எனக்குத் தெரியும்.

வேலை தேடுவது காசில்லாமல் நடக்கிற காரியம் என்று பலர் நினைக்கிறார்கள். ஆள் சும்மாதானே இருக்கிறார், நாலு இடத்தில் கேட்டால் என்ன? கேட்கிறதுக்கும் காசு. சீ.வி. அடித்து அச்செடுக்கக் காசு. சான்றிதழ்களுக்குப் போட்டோப் பிரதி எடுத்துச் சமாதான நீதவானிடம் ஒப்பம் வாங்க அலைய வேண்டும். வெளிநாட்டுக்கு என்றால் பொலிஸ் ரிப்போர்ட், மெடிக்கல், கடவுச்சீட்டு என்று தனித்தனியாகக் காசு. கொழும்பில் நேர்முகப் பரீட்சை என்றால் இரவு பஸ்ஸில் போய், காலையில் பள்ளிவாசலில் முகம் கழுவி உடுப்பு மாற்றி, பத்து நிமிசக் கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டு, மறுபடி இரவு பஸ். “அறிவிக்கிறோம்” என்பார்கள். அறிவிப்பதில்லை. பத்திரிகை விளம்பரத்தைப் பார்த்தால் பாதிக்கு மேல் 35 வயதுக்குக் குறைந்தவர்கள் மட்டும் விண்ணப்பிக்கலாம். 11 வருச அனுபவம் இருக்கிற ஆளுக்கு 35 எப்படி இருக்கும் என்று விளம்பரம் போடுகிறவர்கள் யோசிப்பதில்லை.

அதே வாரத்தில் தங்கச்சியின் வட்ஸ்அப் குழுவில் ஒரு அறிவித்தல். வியாழக்கிழமைக்கு முன் காசு தந்தவர்களின் பெயருக்கு நேரே பச்சை அடையாளம். தராதவர்களுக்கு ஒன்றும் இல்லை, வெறும் பெயர். 62 பிள்ளைகள். நாளுக்கு நாள் பச்சை கூடிக்கொண்டு வரும். கடைசியில் எட்டோ ஒன்பதோ பெயர் வெறுமையாக நிற்கும். அந்த ஒன்பது வீட்டிலும் என்ன நிலைமை என்று அந்தப் பட்டியலைப் பார்க்கிற அத்தனை பேருக்கும் தெரியும். யாரும் ஏசவில்லை, யாரும் கேலி பண்ணவில்லை. பட்டியலே போதும். அந்தப் பிள்ளைகளில் சிலருக்குப் பிரியாவிடைக்கு முந்தின நாள் காய்ச்சல் வரும். 14 வருசமாகப் படிப்பிக்கிறேன், இந்தக் காய்ச்சலை எனக்கு நன்றாகத் தெரியும். டாக்டரிடம் போகாத காய்ச்சல்.

எங்கள் வீட்டில் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கையில் இருந்தது 12,000. அவருக்குக் கொழும்பில் ஒரு களஞ்சிய வேலைக்கு நேர்முகப் பரீட்சை, நல்ல சேர்ட்டும் சப்பாத்தும் இல்லை. தங்கச்சிக்கு அபாயா தைக்கக் கொடுக்க அன்றுதான் கடைசி நாள். நான் கொப்பியை எடுத்து மூன்று பேரையும் மேசையில் உட்கார வைத்து, என் சம்பளம், அதில் கழிகிற கடன், கரண்ட், தண்ணீர், டியூசன், அவருடைய பஸ் காசு எல்லாவற்றையும் எழுதிக் காட்டினேன். தங்கச்சி கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “எல்லாருமே போடுறாங்க ராத்தா, நான் மட்டும் என்னத்த உடுத்துட்டுப் போற?” என்று கேட்டாள். நியாயமான கேள்விதான். என் நிக்காஹ் உடுப்பைப் பிரித்து அவளுக்குத் தைப்பது என்று முடிவெடுத்தோம். நிறம் மற்றவர்களுடையதோடு ஒத்துப்போகாது. இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் மச்சானின் சேர்ட்டை அவளேதான் அயன் பண்ணிக் கொடுத்தாள். அந்த வேலையும் கிடைக்கவில்லை, அது வேறு கதை.

கணக்குக் கொப்பியைக் காட்டியதைப் பற்றி என் சொந்தக்கார ராத்தா ஒருவர், “பிள்ளைட மனச நோகடிக்கிறியே” என்று குறைப்பட்டார். 18 வயதுப் பிள்ளை. அடுத்த தேர்தலில் வாக்குப் போடப் போகிற பிள்ளை. வருகிற வருசம் இதே ஊர் அவளுக்கு மாப்பிள்ளை பேச வரும், ஒரு குடும்பத்தை நடத்து என்று கையில் கொடுக்கும். ஆனால் இந்த வீட்டில் எவ்வளவு காசு வருகிறது என்று மட்டும் அவளுக்குச் சொல்லக் கூடாதாம். நாம் மறைத்துவிட்டு என்ன செய்கிறோம்? ஈடு வைக்கிறோம். சீட்டை முன்கூட்டியே எடுக்கிறோம். நுண்கடன்காரனிடம் “சுயதொழில்” என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு வாங்கி, அபாயா தைத்துவிட்டு, வாராவாரம் அவன் படலையில் வந்து நிற்கும்போது பின்பக்கத்தால் அடுத்த வீட்டுக்குப் போகிறோம். அப்போது பிள்ளையின் மனசு நோகாதா?

“ஒரு தரம்தானே” என்கிற வாதத்தை இனியாவது விடுங்கள். எது ஒரு தரம்? பாலர் பாடசாலையிலேயே கறுப்பு அங்கியும் தொப்பியும் போட்டுப் பட்டமளிப்பு. ஐந்தாம் ஆண்டுப் புலமைப் பரிசில் முடிந்தால் ஒரு விழா. ஓ.எல். முடிந்தால் பிரியாவிடை, அதற்கு ஒரு ரீசேர்ட். ஏ.எல்.லுக்கு மறுபடி ரீசேர்ட், பேச் டே, சுற்றுலா, பிரியாவிடை. நடுவில் ஒவ்வொரு வருசமும் ஆசிரியர் தினம். மூன்று பிள்ளை இருக்கிற வீட்டுக்கு இது ஓயாத மாதாந்தக் கட்டணம் மாதிரி. ஒவ்வொன்றிலும் அதே வசனம்: ஒரு தரம்தானே.

அதற்காக நிறுத்து என்று கத்துகிறவர்களோடு நான் சேரப் போவதில்லை. உங்களுக்கும் கேள்வி இருக்கிறது.

இந்த பேச் பிள்ளைகள் யார் என்று நினைத்துப் பார்த்தீர்களா? 2019 ஏப்ரலில் ஏழாம் ஆண்டில் இருந்தார்கள். அதற்குப் பிறகு பாடசாலை வாசலில் வரிசையில் நின்று புத்தகப் பையைத் திறந்து காட்டிவிட்டு உள்ளே வந்த பிள்ளைகள். 2020 மார்ச்சில் கொரோனாவுக்காகப் பாடசாலை மூடப்பட்டது. வீட்டில் ஒரு போனை மூன்று பிள்ளைகள் மாறி மாறிப் பிடித்து சூமில் படித்தார்கள், டேட்டா இல்லாதவர்கள் படிக்கவில்லை. 2022இல் பெற்றோல் இல்லை, கரண்ட் இல்லை, பரீட்சைத் தாள் அடிக்கக் கடதாசி இல்லை. 2023இல் எழுத வேண்டிய ஓ.எல்.லை 2024 மே மாதம் எழுதினார்கள். இவ்வளவும் தாண்டி 13 வருசம் ஒரே வாங்கில் இருந்த கூட்டாளிமாரைப் பிரியும்போது, ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டு, கொஞ்சம் அழுது, ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளக் கேட்கிறார்கள். அதைக்கூடக் கேட்கக் கூடாதா?

அதோடு, நிறுத்து என்று சொன்னதால் எங்கே நின்றது? சில வருசத்துக்கு முன் அதிபர்மார் பாடசாலை வளவில் பிரியாவிடை வேண்டாம் என்று முடிவெடுத்த இடங்களில் என்ன நடந்தது என்று ஆசிரியர்கள் எல்லோருக்கும் தெரியும். விழா ரெஸ்டோரண்டுக்குப் போனது. அடுத்த ஊர் ரிசப்சன் ஹோலுக்குப் போனது. ஆசிரியர்கள் இல்லை, செலவுக்கு எல்லை இல்லை, யார் எத்தனை மணிக்கு வீட்டுக்கு வந்தார்கள் என்று கேட்க ஆளில்லை. பாடசாலை மண்டபத்தில் நடந்திருந்தால் மண்டபக் காசாவது மிஞ்சியிருக்கும். தடை போட்டவர்கள் நிம்மதியாகத் தூங்கினார்கள், பில் வாப்பாவின் தலையில் விழுந்தது.

இனி என் சக ஆசிரியர்களுக்கு. கோபப்படுவீர்கள், பரவாயில்லை.

போன பேச் செய்ததை விடப் பெரிதாகச் செய்ய வேண்டும் என்ற எண்ணம் பிள்ளைகளுக்கு எங்கே இருந்து வருகிறது? டிக்டொக்கில் இருந்து மட்டும் வரவில்லை. “போன வருசப் பிள்ளைகள் எங்களுக்குக் கைக்கடிகாரம் தந்தாங்க, நீங்க என்ன செய்யப் போறீங்க?” என்று வகுப்பில் சிரித்துக்கொண்டு கேட்கிறவர்கள் எங்களுக்குள்ளேயே இருக்கிறார்கள். முன்வரிசைக் கதிரை, பெயர் பொறித்த நினைவுச் சின்னம், ஒவ்வொருவருக்கும் பொதி செய்த அன்பளிப்பு. பெற்றோரிடம் பணம் அறவிடுவதைப் பற்றிச் சுற்றறிக்கை வந்தால் அதிபர் கந்தோரில் கோவையில் போட்டு வைக்கிறோம். பிள்ளைகளின் குழு அறவிட்டால் அது எங்களுக்குத் தெரியாத விசயமாகிவிடுகிறது. அந்த 1,000 ரூபாவில் எங்களுக்கு வருகிற மக் கோப்பையும் பேனாவும், பச்சை அடையாளம் விழாத ஒன்பது வீட்டில் இருந்தும் வருகிறது. எங்கள் சம்பளம் போதாது என்று நாங்களே வீதியில் இறங்கியவர்கள். சம்பளமே இல்லாத வீட்டில் இருந்து அன்பளிப்பு வாங்க எப்படி மனம் வருகிறது? எனக்கு வேண்டாம் என்று குழுவுக்கு எழுத்தில் கொடுத்துவிட்டேன். இன்னும் நான்கு பேர் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். 23 ஆசிரியர்களில் ஐந்து பேர்.

அடுத்தது அனுசரணையாளர்கள். எனக்குச் சிரிப்பும் வருகிறது, வயிறும் எரிகிறது.

விழா மண்டபத்தில் பெரிய பெனர் தொங்கும். இன்ன புடவைக் கடை, இன்ன பேன்சி ஹவுஸ், பிரதான அனுசரணை. 25,000 ரூபாவோ என்னவோ கொடுத்திருப்பார்கள், மேடையில் பொன்னாடை போர்த்துவோம். எந்தக் கடையென்றும் சொல்லவில்லை, எந்த முதலாளியென்றும் சொல்லவில்லை, பொதுவாகக் கேட்கிறேன். உங்கள் கடையில் நிற்கிற பிள்ளைகளுக்கு நியமனக் கடிதம் இருக்கிறதா? சேமலாப நிதி கட்டுகிறீர்களா? 30,000 சம்பளத்துக்கு முதலாளி கட்ட வேண்டியது நூற்றுக்கு 12, அதாவது 3,600. நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு நூற்றுக்கு 3, அதாவது 900. மொத்தம் மாதம் 4,500. ஒரு ஆளுக்கு வருசத்துக்கு 54,000 ரூபா. இதைக் கட்டாமல் வைத்துக்கொண்டு 25,000க்கு பெனர் கட்டினால் அதற்குப் பெயர் அனுசரணையா? போன வருசம் மேடையில் உங்களுக்கு பூங்கொத்துக் கொடுத்த பிள்ளை இந்த வருசம் உங்கள் கடையில் நாள் முழுக்க நின்றபடியே வேலை செய்கிறாள். கதிரை இல்லை.

இப்போது ஒரு உம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஆளைத் தெரியாமல் இருக்கச் சில விபரங்களை மாற்றியிருக்கிறேன், தேடாதீர்கள். மகள் ஏ.எல். கலைப்பிரிவு. கணவர் கடல் தொழில், படகில் விழுந்து முதுகில் அடிபட்டு ஒரு வருசமாகப் படுக்கை. இந்த உம்மா 42 வயதில் முதன்முதலாக வேலை தேடுகிறார். பக்கத்து ஊர்ப் புடவைக் கடையில் கேட்டிருக்கிறார், நற்சான்றிதழ் கொண்டு வரச் சொல்லியிருக்கிறார்கள். கிராம உத்தியோகத்தரிடம் வாங்கிவிட்டார், இன்னொன்று பாடசாலையில் இருந்து வேண்டும் என்று என்னிடம் வந்தார். கடிதத்தை எழுதிக்கொண்டு இருக்கும்போது, மகளின் காசு ஒன்பதாயிரத்து ஐநூறை இரண்டு தவணையாகக் கொடுக்கலாமா என்று மெதுவாகக் கேட்டார். வேலைக்குப் போய் முதல் சம்பளத்தில் தருவாராம்.

அவர் வேலை தேடுகிறார் என்று கேள்விப்பட்டதும் ஊர் என்ன செய்தது தெரியுமா? அயல்வீட்டுக்காரர் ஒருவர், பொம்பிளை கடையில் போய் நின்றால் மகளுக்கு யார் மாப்பிள்ளை தருவார்கள் என்று புத்தி சொன்னார். சொந்தக்காரர், “எங்கட குடும்பத்தில அந்தப் பழக்கம் இல்ல” என்றார். நல்லது. அந்தக் குடும்பத்தில் அரிசி கொடுக்கிற பழக்கமாவது இருக்கிறதா என்று நான் கேட்டேன், பதில் இல்லை. உம்மா வேலைக்குப் போவது கௌரவக் குறைச்சல், மகள் ஒரே நிறத்தில் உடுத்தாமல் போவதும் கௌரவக் குறைச்சல். இரண்டுக்கும் நடுவில் அந்த வீடு எதைத் தின்னும்?

ஆண்களுக்கு மட்டும் லேசு என்று நினைக்காதீர்கள். சபூரில் இருந்து வந்தவரைப் பள்ளி வாசலில் கண்டால் முதல் கேள்வி “எப்ப திரும்பப் போற?” இரண்டாவது, “இப்ப என்ன செய்றீங்க?” வேலை தேடுகிறேன் என்று சொன்னால் முகம் மாறும். என் கணவர் மூன்று மாதம் லுஹர் தொழுகைக்கு வேறு பள்ளிக்குப் போனார், இந்தக் கேள்விக்காகவே. சிலர் இன்னும் ஒரு படி மேலே போய், வயதுக்கு வந்த பையன்களிடம் அரசாங்க வேலை வரும் வரைக்கும் எதிலும் கை வைக்காதே என்று சொல்லிக் கொடுக்கிறார்கள். வெள்ளிக்கிழமை வர்த்தமானியைப் பார்த்துக்கொண்டே முப்பது தாண்டிய பட்டதாரிகள் நம்மட ஊரில் எத்தனை பேர்? மின்னிணைப்பு, குளிரூட்டி திருத்தல், அலுமினிய வேலை என்று தேசிய தொழில் தகைமைச் சான்றிதழோடு படிக்கிற பாடநெறிகள் தொழிற்பயிற்சி அதிகார சபையில் இருக்கின்றன. ஏ.எல். முடிக்கிற பிள்ளைக்கு அதைச் சொல்ல ஒரு பின்நேரம் ஒதுக்கச் சொன்னால் நேரமில்லை. பிரியாவிடை ஒத்திகைக்கு ஒரு மாதம் இருக்கிறது.

இந்த அவசரத்தைத்தான் ஏஜென்சிக்காரன் பிடிக்கிறான். கையில் காசு இல்லை, வீட்டில் விழா, வெளியில் கேள்வி. “விசிட் விசாவில போங்க, அங்க போய் மாத்தலாம்” என்கிறான். வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் அனுமதிப் பத்திரம் இருக்கிறதா, அந்த வேலைக்கு அனுமதி எடுத்திருக்கிறானா, போகிறவரைப் பணியகத்தில் பதிகிறானா என்று கேட்காமல் ஒரு சதமும் கொடுக்காதீர்கள். பதியாமல் போய் அங்கே மாட்டினால் இங்கே போய்க் கேட்பது கஷ்டம். என் கணவரிடமும் வந்தான் ஒருவன். மூன்று இலட்சம் கேட்டான், இலக்கத்தைக் கேட்டதும் போனை வைத்துவிட்டான்.

சரி, அப்படியென்றால் என்னதான் செய்யச் சொல்கிறாய் என்று கேட்பீர்கள். அதிபரிடம் ஒரு கடிதம் கொடுத்திருக்கிறேன், அதில் இருப்பதையே இங்கே சொல்கிறேன்.

பிரியாவிடை பாடசாலை மண்டபத்தில் நடக்க வேண்டும். பின்நேரம், ஆசிரியைகள் கூட இருக்க. உடுப்பு வெள்ளைச் சீருடை, 13 வருசம் உடுத்தியது கடைசியாக ஒரு நாளும் உடுத்தட்டும். ஆளுக்கு 1,500 ரூபா, அதற்கு மேல் ஒரு சதமும் இல்லை. பெயரில்லாத மூடிய கடித உறையில் போட வேண்டும், முடியாதவர்கள் வெறும் உறையைப் போடட்டும், பட்டியல் கிடையாது. 62 பேருக்கு 93,000. குறைகிறதை ஆசிரியர்கள் போடுவோம். சாப்பாடு சஹன். பிள்ளைகளும் ஆசிரியர்களும் 85 பேர், ஆறு பேருக்கு ஒரு சஹன் என்றால் 15 சஹன் போதும். ரெஸ்டோரண்டுக்குக் கொடுக்காமல் வீட்டில் சமைத்து விற்கிற உம்மாமாரிடம் கொடுப்போம். ஒரு கோழி சஹன் 6,000க்குத் தர இரண்டு பேர் ஒத்துக்கொண்டிருக்கிறார்கள், கணக்கு 90,000. மிச்சம் 3,000க்கு ஒரு கேக். ஒரே தட்டைச் சுற்றி ஆறு பேர் உட்கார்ந்தால் யாருடைய வாப்பாவுக்கு வேலை இருக்கிறது, யாருடையவருக்கு இல்லை என்று யாருக்கும் தெரியாது. அன்பளிப்பு இல்லை. போட்டோ எடுக்கப் பழைய மாணவர் ஒருவர் வருகிறேன் என்றிருக்கிறார், காசு வேண்டாமாம்.

25,000 ரூபாப்படி 62 வீட்டில் இருந்து போக இருந்தது பதினைந்தரை இலட்சம். அதை மிச்சம் பிடித்து என்ன செய்வது என்று நான் யாருக்கும் சொல்லப் போவதில்லை. அவரவர் வீட்டு அடுப்புக்கு அது தெரியும்.

“பிள்ளைகள் ஒத்துக்கொள்ள மாட்டார்கள்” என்று பிரதி அதிபர் சொன்னார். பிள்ளைகளிடம் கேட்டேன். குழுவில் இருக்கிற 11 பேரில் ஏழு பேர் சரி என்றார்கள், நான்கு பேர் முடியாது என்றார்கள். முடியாது என்றவர்களில் ஒருத்தி என் தங்கச்சி. உடுப்புத் தைத்தாயிற்று, இனி ஏன் சீருடை என்கிறாள். அவளுடைய வாதத்தையும் கடிதத்தோடு இணைத்திருக்கிறேன், அவளே எழுதித் தந்தாள். நன்றாகத்தான் எழுதியிருக்கிறாள்.

வருகிற சனிக்கிழமை அஸர் தொழுகைக்குப் பிறகு பாடசாலை மண்டபத்தில் ஏ.எல். பெற்றோர் கூட்டம். உம்மாமாருக்குத் தனி இடம் இருக்கிறது, வாப்பாமாரும் வர வேண்டும், “அவ போவா” என்று அனுப்பிவிட்டு வீட்டில் இருக்க வேண்டாம். எதிர்க்கிறவர்களும் வாருங்கள், கருத்துப் பெட்டியில் எழுதியதை முகத்துக்கு நேரே சொல்லலாம். கூட்டம் முடிந்ததும் அதே மண்டபத்தில் என் கணவர் ஒரு மடிகணினியும் பிரிண்டரும் வைத்துக்கொண்டு இருப்பார். எட்டு மாதத்தில் அவர் கற்றுக்கொண்டது சீ.வி. எழுதுவது. யாருக்காவது அடித்துத் தர வேண்டும் என்றால் அடையாள அட்டையையும் சான்றிதழ்களின் பிரதியையும் கொண்டு வாருங்கள். கடதாசிக் காசு மட்டும் பக்கத்துக்கு 10 ரூபா.